வீடும் வாக்கும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வழங்கி வந்த பழமொழி. இவ்விரு காரியங்களையும் அவர்கள் ஒரே மூச்சில் கூறியதற்குக் காரணம் உண்டு. இரண்டும் மனிதன் தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு முறையே செய்யக் கூடியவை. இரண்டிலும் கைப்பொருள் கரையும். இரண்டிலும் ஊரார் கண் நம்மீது விழும். இரண்டிலும் ஒரு முறை கொடுத்த வாக்கை எளிதில் மீட்டுக்கொள்ள முடியாது. இக்காலத்தில் நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்குகிறோம். அதுவும் கையிலுள்ள பொருளைக் கொண்டு வாங்குவதில்லை. இனிமேல் சம்பாதிக்கப் போகும் பொருளைக் கொண்டு வாங்குகிறோம். ஆதலால் பழமொழியின் எச்சரிக்கை முன்னினும் பன்மடங்கு பொருந்துவதாகிறது.

வீடு வாங்கப் புகுந்து பொருள் இழந்த ஒருவனைக் கண்டால், "கணக்குத் தெரியாமல் கெட்டான்" என்று உலகம் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறது. அது சரியான தீர்ப்புத்தானா? கூட்டல் கழித்தல் அறியாமையால்தான் மக்கள் கடனில் மூழ்குகிறார்கள் என்றால், கணக்குப் படித்தவர் ஒருவரும் மூழ்கியிருத்தல் கூடாது. ஆனால் பள்ளியில் கணக்குப் போதிப்போரும், அலுவலகத்தில் பேரேடு எழுதுவோரும், பட்டம் பெற்றோரும் இக் குழியில் வீழ்ந்து கிடப்பதை நாம் காண்கிறோம். ஆகவே, இப்பிழையின் வேர் அறிவில் இருக்கிறதா, அல்லது ஒழுக்கத்தில் இருக்கிறதா என்பது ஆராயத் தக்க கேள்வியாகும்.

ஒழுக்கம் என்றவுடன், பொய், களவு, குடி, சூது முதலியவற்றையே பலர் நினைப்பர். நாம் இங்குக் கருதுவது அதுவன்று. தன்னிடத்தில் உண்மையாயிருத்தல், கொடுத்த வாக்கின் கனத்தை அறிந்து கொடுத்தல், தன் முடிவால் பாதிக்கப்படுவோரைக் கலந்து முடிவு செய்தல் ஆகிய மூன்றையே ஒழுக்கம் என்கிறோம். இம்மூன்றும் இல்லாதவிடத்துக் கணக்கு எவ்வளவு தெரிந்திருந்தும் பயனில்லை.

கூரையின் வரலாறு

முதலில், வீட்டின்மேல் நம்மவர்க்குள்ள ஆசையைப் பழிப்பது முறையன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்நாட்டிற்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தனர். அந்த வீடு அவர்களுடையதன்று; வேலையோடு ஒட்டியிருந்தது. பால் வெட்டும் கை ஓய்ந்த அன்றே தலைக்குமேல் இருந்த கூரையும் ஓய்ந்தது. அங்கே பிறந்து, அங்கே மணந்து, அங்கே பிள்ளைகளைப் பெற்ற ஒருவனுக்கு, அந்த நான்கு சுவர்களில் ஒன்றைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல உரிமை இருந்ததில்லை. அத்தகைய வாழ்விலிருந்து வந்த ஒரு சமூகம், "எனக்கென்று ஒரு வாசல் வேண்டும்" என்று ஏங்குவதில் என்ன குற்றம்? அது வெறும் சொத்தாசை அன்று, மானத்தின் வேட்கை.

மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டிய ஆண்டுகளில், ஐரோப்பியருடைய பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. தோட்டம் துண்டாகவே தொழிலாளரின் வேலையும் குடியிருப்பும் ஒருங்கே ஆட்டம் கண்டன. அந்நிலையில் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கிற்கு உரியவரானார்கள். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின.

இந்த வரலாற்றை இங்குக் கூறுவது பழம்பெருமை பேசுவதற்கன்று. மாதம் 10 வெள்ளி என்பது அத்தொழிலாளர்க்குச் சிறு தொகையன்று. ஆயினும் தாங்க முடிந்த தொகை. எவ்வளவு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம் என்பது பலர் கூடிய கூட்டத்தில் பேசப்பட்டது. தன் அளவு அறிந்து, வெளிப்படையாக, கூடிப் பேசிச் செய்த காரியம் அது. எழுத்தறிவு குறைந்த மக்கள் அதனைச் செய்து காட்டினர். கல்வி மிகுந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர், தனித்து, மறைத்து, அளவு மீறி வீடு வாங்கி அல்லற்படுகின்றனர். இவ்வேற்றுமையை எண்ணிப் பார்த்தால், நம் கேள்விக்கு விடையின் பாதி கிடைத்துவிடும்.

முப்பத்தைந்து ஆண்டு வாக்கு

கடன் என்பது என்ன? கடன் பணம் அன்று. அது ஒரு வாக்கு. முப்பது வயது இளைஞன் ஒருவன் 35 ஆண்டுத் தவணைக்குக் கையொப்பம் இடுகிறான் என்றால், அறுபத்தைந்து வயதுக் கிழவன் ஒருவனுக்காக அவன் வாக்குக் கொடுக்கிறான். அந்தக் கிழவனை அவன் கண்டதில்லை. அவனுக்கு நோய் இருக்குமா, வேலை இருக்குமா என்பதை அறியான். மலேசியாவில் தனியார் துறையினர்க்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அப்படியாயின், சம்பளம் நின்ற பிறகும் ஐந்தாண்டு தவணை தொடரும். அந்த ஐந்தாண்டை யார் கட்டுவது? கையொப்பம் இடுவதற்கு முன் இக்கேள்வியைக் கேட்டோர் எத்தனை பேர்?

எண்களைக் கொண்டு இதனை விளக்குவோம். இங்கு வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட். ஒருவர் 350,000 வெள்ளி பெறுமான வீட்டை, 50,000 தம் கையிலிருந்து கொடுத்து, 300,000 கடன் பெற்று வாங்குவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 4. தவணை 35 ஆண்டு என்றால் மாதக் கட்டணம் ஏறத்தாழ 1,328 வெள்ளி. அதே கடனை 20 ஆண்டில் தீர்ப்பதென்றால் மாதம் 1,818 வெள்ளி. முதல் எண் சிறிது, ஆதலால் இனிக்கிறது. ஆனால் 35 ஆண்டு கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 258,000 வெள்ளி ஆகும். 20 ஆண்டுக்காரர் கொடுக்கும் வட்டியோ 136,000 வெள்ளி அளவே. ஒரே வீடு, ஒரே கடன். வேறுபாடு 122,000 வெள்ளி!

நீண்ட தவணையை எடுப்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. குறைந்த வருவாய் உடையோர்க்கு வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆனால் இந்த வேறுபாட்டை அறிந்து தெரிந்தெடுப்பது ஒன்று, "மாதம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுவது மற்றொன்று. மாதக் கணக்கை மட்டும் பார்ப்பவன், ஆற்றின் ஆழத்தைப் பாராமல் கரையோரத்து நீரைத் தொட்டுப் பார்த்து இறங்குபவனை ஒப்பான்.

இன்னொன்று. அந்த நூற்றுக்கு 4 என்பது கல்லில் செதுக்கிய எழுத்தா? பெரும்பாலான வீட்டுக் கடன்களில் வட்டி விகிதம் ஏறி இறங்கும் தன்மையது. 2020 ஜூலையில் மலேசிய மத்திய வங்கி தன் அடிப்படை விகிதத்தை நூற்றுக்கு 1.75 ஆகக் குறைத்தது. நாடு நோயால் முடங்கிக் கிடந்த காலம் அது. அந்நாளில் கடன் எடுத்த பலர் அதனையே நிலையான வட்டி போல் எண்ணினர். 2023 மே மாதத்தில் அது 3.00 ஆக உயர்ந்திருந்தது. நாம் மேலே கூறிய கடனில் வட்டி 4லிருந்து 5க்கு ஏறினால், மாதக் கட்டணம் 1,328லிருந்து 1,514 ஆகும். ஓராண்டில் 2,200 வெள்ளிக்கு மேல் கூடுதல். இந்த 186 வெள்ளி மாதந்தோறும் எந்தச் செலவிலிருந்து வரும் என்று முன்னரே எண்ணி வைத்தவன் கலங்கமாட்டான். எண்ணாதவன் பிள்ளையின் புத்தகச் செலவில் கை வைப்பான்.

வங்கியின் சம்மதமும் நமது சம்மதமும்

"வங்கியே கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டது, அப்படியானால் நம்மால் கட்ட முடியும் என்றுதானே பொருள்?" என்று பலர் கேட்கின்றனர். இதுவே எல்லாப் பிழைகளுக்கும் தாயான பிழை. வங்கி தன் பணம் திரும்பி வருமா என்று ஆராய்கிறது. நம் குடும்பம் நன்றாக வாழுமா என்று ஆராய்வது அதன் வேலையன்று. நம் சம்பளச் சீட்டும், ஏட்டில் பதிவான பிற கடன்களும் அதற்குத் தெரியும். ஊரிலுள்ள தாயின் மருந்துச் செலவு அதற்குத் தெரியாது. தங்கையின் திருமணத்திற்குத் தருவதாகச் சொன்ன தொகை தெரியாது. பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பும் எண்ணம் தெரியாது. இவற்றை அறிந்தவர் நாம் ஒருவரே. அறிந்த நாம் வாய்மூடியிருந்து, அறியாத வங்கியின் தீர்ப்பை ஏற்பது எவ்வளவு விந்தை!

கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடுவதும் இதனோடு சேர்ந்த தவறே. வீட்டு விலை என்பது வீட்டின் செலவு முழுவதும் அன்று. 350,000 வெள்ளி வீட்டிற்கு, உரிமை மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வை முதல் 100,000க்கு நூற்றுக்கு 1, அதன் மேல் 500,000 வரை நூற்றுக்கு 2 என்ற கணக்கில் 6,000 வெள்ளி. கடன் பத்திரத்திற்கு நூற்றுக்கு அரை வீதம் 1,500 வெள்ளி. முதல் வீடு வாங்குவோர்க்கு அரசாங்கம் அவ்வப்போது விலக்கு அளிப்பதுண்டு. அது நமக்குப் பொருந்துமா என்பதை விசாரித்தறிய வேண்டுமேயன்றி, பொருந்தும் என்று தாமே எண்ணிக்கொள்ளலாகாது. வழக்கறிஞர் கட்டணம் வேறு. குடி புகுந்த பின் நிலவரி, மதிப்பீட்டு வரி, அடுக்குமாடியாயின் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம். கட்டி முடியாத வீட்டை வாங்கியவர்க்கு இன்னொரு சுமையும் உண்டு: கட்டுமானம் நடக்க நடக்க வங்கி பகுதி பகுதியாகப் பணம் விடும், அப்பகுதிக்குரிய வட்டியை வாங்கியவர் கட்ட வேண்டும், அதே வேளையில் இருக்கும் வீட்டிற்கு வாடகையும் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வேலையின்றி இருக்க நேர்ந்தாலும் தாங்கக்கூடிய கையிருப்பை வைத்துக்கொண்டு, எஞ்சியதைக் கொண்டே வீடு பார்ப்பது விவேகம்.

"இப்படியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் வீடே வாங்க முடியாது, வாடகை கொடுப்பது பணத்தைக் கடலில் எறிவதாகும், விலையோ நாளுக்கு நாள் ஏறுகிறது" என்று சொல்வாரும் உளர். இவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு. தகுந்த காலத்தில் தகுந்த வீட்டை வாங்கியோர் முதுமையில் வாடகைக் கவலையின்றி இருக்கின்றனர். ஆனால் வாடகை வீண் என்பது முழு உண்மையன்று. வாடகை தலைக்குமேல் கூரைக்காகக் கொடுக்கும் விலை. வட்டியும் ஒருவகை வாடகையே. அது பணத்திற்குக் கொடுக்கும் வாடகை. மேற்கூறிய 35 ஆண்டுக் கடனில் முதல் மாதம் கட்டும் 1,328 வெள்ளியில் 1,000 வெள்ளி வட்டிக்கே போகிறது; 328 வெள்ளியே முதலைக் குறைக்கிறது. விலை எப்போதும் ஏறும் என்பதும் நம்பத் தக்கதன்று. சிங்கப்பூரில் 1996இல் உச்சத்தைத் தொட்ட தனியார் வீட்டு விலை, அடுத்து வந்த ஆசியப் பொருளாதார நெருக்கடியில் 1998 முடிவதற்குள் பெரிதும் சரிந்தது. உச்சியில் வாங்கியவர்க்கு விலை சரிந்தது, கடன் சரியவில்லை. ஆகவே, பிறர் அவசரப்படுத்துவதால் வாங்குவது காரணம் ஆகாது. தாங்க முடிவதால் வாங்குவதே காரணம் ஆகும்.

ஊரார் கண்

இனி, தன்னிடத்தில் உண்மையாயிராமையைப் பற்றிச் சொல்வோம். தேவைக்கு வீடு வாங்குவது வேறு. பிறர் பார்வைக்கு வீடு வாங்குவது வேறு. அண்ணன் இரண்டு மாடி வாங்கினான் என்பதற்காகத் தம்பியும் இரண்டு மாடி தேடுகிறான். உடன் வேலை செய்பவர் எந்தக் குடியிருப்பில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே பார்க்கிறான். விரலுக்கேற்ற வீக்கம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் பெரிய பத்திரத்தில் ஒப்பமிடுகிறான். எத்தனை அறை வேண்டும் என்று அவன் குடும்பத்தை எண்ணிச் சொல்லவில்லை; விருந்தினரை எண்ணிச் சொல்கிறான். ஆண்டில் இரண்டு நாள் வரும் விருந்தினர்க்காக 365 நாளும் வட்டி கட்டுவது அறிவுடைமையா?

வீடு கிடைத்த பிறகும் இந்நோய் அடங்குவதில்லை. சுவரை இடித்து மாற்றத் தனிக் கடன். நாற்காலி மேசைக்குத் தவணைக் கடன். புதுமனை புகுவிழாவிற்குக் கடன் அட்டை. வீட்டுக் கடனைவிட இவற்றின் வட்டி மிகவும் கடுமையானது. பெரிய கடனைப் பயபக்தியோடு எடுத்தவன் சின்னக் கடன்களை அலட்சியமாக எடுக்கிறான். இறுதியில் அவனை வீழ்த்துபவை இச்சின்னக் கடன்களே. உற்றார் உறவினரை அழைத்து மகிழ்வதை நாம் வெறுக்கவில்லை. அழைத்தவர்க்கு உண்டு மகிழ ஒரு நாள். அழைத்தவனுக்குக் கட்டி முடிக்க மூன்று ஆண்டு என்பதைத்தான் வெறுக்கிறோம்.

மேலும் ஒன்று கூறுவோம், வருத்தப்படுவோர் மன்னிப்பார்களாக. குடிபுகும் நாழிகையை நிமிடக் கணக்கில் பார்க்கிறோம். வாசல் எத்திசையை நோக்குகிறது என்பதற்கு ஆள் வைத்து ஆராய்கிறோம். ஆனால் நிலத்தின் உரிமை எவ்வகையது என்று ஆராய்ந்தோமா? வாசல் கிழக்கு நோக்கியிருந்தும், பத்திரம் நம்மை நோக்கியிராவிட்டால் என்ன பயன்?

படிக்காத பத்திரம்

விற்பனை ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்பமிடுவது நம்மிடையே பெருவழக்கு. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்று தரகர் சொல்வார். நாமும் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் இடுவோம். ஐந்து வெள்ளிக்குக் காய்கறி வாங்கும்போது புரட்டிப் பார்க்கும் கை, மூன்று லட்சம் வெள்ளிப் பத்திரத்தைப் புரட்ட ஏன் கூசுகிறது? தெரியாது என்று ஒப்புக்கொள்ள நாணுவதே காரணம். தெரியாததைக் கேட்பது இழிவன்று. கேளாமல் ஒப்பமிட்டு, பின்னர் "எனக்குத் தெரியாது" என்று கூறுவதே இழிவு.

படித்தால் என்ன தெரியும்? நிலம் நிரந்தர உரிமையுடையதா, குத்தகையா. குத்தகையாயின் எத்தனை ஆண்டு எஞ்சியிருக்கிறது என்பது தெரியும். இது சிறு விஷயமன்று. சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிவடைந்தது. நிலம் இழப்பீடின்றி அரசாங்கத்திற்குத் திரும்பியது. அதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. முதல் நாளிலிருந்தே பத்திரத்தில் எழுதியிருந்ததுதான் நடந்தது. குத்தகை வீடு தீது என்பதன்று நம் கருத்து. சிங்கப்பூர் மக்களில் மிகப் பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகையுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நல்வாழ்வு வாழ்கின்றனர். வாங்கியது எது என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே கருத்து.

மலேசியாவில் வீடு வாங்குவோரைக் காக்க 1966ஆம் ஆண்டிலேயே வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த ஒப்பந்தப்படி, நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. தாமதித்தால் விலையில் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் நாட்கணக்கில் இழப்பீடு உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் முன்பதிவுப் பணம் வாங்குவதை விதிகள் தடுக்கின்றன. அப்படி வாங்கியிருந்தால், ஒப்படைக்கும் காலம் அப்பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோரும் முறையிடுவதற்கென வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் 2002 முதல் இருந்து வருகிறது. இத்தனை அரண்கள் இருந்தும், அவற்றை அறியாதவனுக்கு அவை இல்லாதவையே.

இலவசம் என்ற சொல்லையும் இங்கு ஆராய வேண்டும். வீடு கட்டி முடியும்வரை வட்டியை நிறுவனமே ஏற்கும் என்று விளம்பரம் செய்த திட்டங்கள் ஒரு காலத்தில் மலேசியாவில் மலிந்திருந்தன. வட்டியில்லாக் கடன் என்று மக்கள் மகிழ்ந்தனர். அவ்வட்டி வீட்டு விலையிலே ஏற்றிவைக்கப்பட்டது என்பதும், கையில் பணமின்றிப் பல வீடுகளை வாங்கி விற்போர்க்கு அது வாய்ப்பாயிற்று என்பதும் பிறகே விளங்கின. அரசாங்கம் 2014ஆம் ஆண்டு முதல் அவற்றைத் தடை செய்தது. விற்பவன் கொடுக்கும் இலவசம் வாங்குபவன் பையிலிருந்தே வருகிறது என்பது எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொதுவான உண்மை.

பிறருடைய கையெழுத்து

நம் கடனை நாம் மட்டும் சுமந்தால் அது நம் பாடு. ஆனால் வீட்டுக் கடனில் பிறரும் பிணைக்கப்படுகின்றனர். "பெயருக்கு ஒரு கையெழுத்துப் போடு, அக்கா" என்று தம்பி கேட்கிறான். மறுத்தால் உறவு முறியும் என்று அக்கா ஒப்பமிடுகிறாள். சட்டத்தில் பெயருக்கு ஒரு கையெழுத்து என்பது கிடையாது. மலேசியாவில் 2017 அக்டோபர் முதல், தானே குடியிருக்கும் வீட்டிற்கு ஒருவன் வாங்கும் கடனுக்கு, இலாபம் கருதாமல் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் பிணையின் பொறுப்பு அதனால் மறைந்துவிடவில்லை. கடன்காரர் கேட்டு வரும் உரிமையும், அக்காள் தம்பி உறவில் விழும் விரிசலும் எஞ்சியிருக்கின்றன. கேட்பவன் தன்னால் கட்ட முடியாத நாளில் அக்காளின் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே கேட்க வேண்டும். எண்ணிப் பாராமல் கேட்பது அன்பைக் களவாடுவதேயாகும்.

மனைவியைக் குறித்தும் ஒரு சொல். அவளுடைய நகை முன்பணமாகிறது. அவளுடைய சம்பளம் தவணையாகிறது. பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. அல்லது பெயர் இருக்கிறது, ஆனால் கடன் எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. "அவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்பவன், மாதக் கடைசியில் பத்து வெள்ளியைக் கொண்டு மூன்று நாள் அடுப்பெரித்தவள் அவள்தான் என்பதை மறந்துவிடுகிறான். குடும்பத்தில் கணக்கு அறிந்தவர் ஒருவர் உண்டென்றால் பெரும்பாலும் அவர் அவளே. அவளைக் கலவாமல் செய்த முடிவு பாதி அறிவோடு செய்த முடிவாகும்.

சேமநிதியும் இவ்வாறே பிறருடைய சொத்துத்தான். மலாயாவில் 1951 முதல் நடைபெற்று வரும் ஊழியர் சேமநிதி முதுமைக்கென அமைந்தது. 2024 மே மாதம் முதல் அது மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டு, வீட்டிற்கென எடுக்கும் வழியும் வைக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரிலும் 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீவக வீடு வாங்கலாம்; ஆனால் விற்கும்போது எடுத்த தொகையை அதற்குரிய வட்டியோடு தம் கணக்கிலேயே திரும்பச் செலுத்த வேண்டும். இதை அறியாமல், விற்ற பணம் முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணி அடுத்த வீட்டிற்கு வாக்குக் கொடுத்துத் திண்டாடியவர் உண்டு. சேமநிதியைத் தொடுவது தவறன்று. ஆனால் அது முதியவனாகப் போகும் நம்மிடமிருந்து இளையவனாகிய நாம் வாங்கும் கடன் என்பதை மறவாதிருக்க வேண்டும். முதுமையில் செங்கல்லை உண்ண முடியாது.

பிழையும் துன்பமும்

இதுகாறும் வாங்குவோர் செய்யும் பிழைகளைக் கூறினோம். ஆயினும் வீட்டால் கெட்டவர் அனைவரும் பிழை செய்தவர் என்று கூறுவது பெரும் அநீதி. 1993 டிசம்பர் 11ஆம் தேதி கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று மண்சரிவால் சாய்ந்து 48 உயிர்கள் மாண்டன. எஞ்சிய இரு கட்டடங்களில் இருந்தோரும் வெளியேறினர், மீண்டும் குடிபுகவில்லை. அவர்கள் கணக்குப் பாராதவர்களா? பத்திரம் படியாதவர்களா? மலைச்சரிவில் நீர் எவ்வழி ஓடுகிறது என்பதைக் குடியிருப்பவன் அறிய முடியுமா? வீடு வாழத் தகாததாகிவிட்டாலும் கடன் பத்திரம் தானே மாய்ந்துவிடுவதில்லை என்ற கொடுமையை நாடு அன்று உணர்ந்தது. பாதியில் கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்களில் பணத்தைப் போட்டு, புல் முளைத்த அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டு தவணை கட்டியோரும் இந்நாட்டில் பலர்.

ஏமாந்தவனை நகைப்பது ஏமாற்றியவனுக்குத் துணை போவதாகும். தனிமனிதன் எச்சரிக்கையாயிருப்பது அவன் கடமை. எச்சரிக்கையாயிருந்தும் ஒருவன் வீழ்ந்தால் தாங்குவது சமூகத்தின் கடமை. வீழ்த்தியவனைத் தண்டிப்பது அரசாங்கத்தின் கடமை. இம்மூன்றில் ஒன்றைக் கூறி மற்றவற்றை மறைப்பது நேர்மையன்று. துன்புற்றோர் நாணத்தால் வாய்மூடியிருப்பதும் வேண்டாம். தமக்கு நேர்ந்ததை வெளியே கூறினால் பத்துப் பேர் தப்புவர். நம் சங்கங்களும் மன்றங்களும் ஆண்டு விழாவிற்குச் செலவிடும் பொழுதில் ஒரு மாலையை ஒதுக்கி, பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, வீடு வாங்க எண்ணும் இளைஞர்க்கு விளக்கம் அளிப்பார்களானால், அது எத்தனையோ சொற்பொழிவுகளினும் மேலான தொண்டாகும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வீடு வாங்குவதில் நேரும் பிழை கணக்கில் தோன்றுவதாகக் காணப்பட்டாலும், அது கணக்குக்கு முன்னரே தோன்றிவிடுகிறது. எண்களை எழுதிப் பார்க்க அஞ்சும் மனத்தில் அது தோன்றுகிறது. தெரியாது என்று சொல்ல நாணும் நாவில் தோன்றுகிறது. வீட்டிலுள்ளோரிடம் மறைக்கும் பழக்கத்தில் தோன்றுகிறது. இவற்றைத் திருத்தாமல் கணக்கை மட்டும் கற்பிப்பது, கோணிய அளவுகோலைக் கொடுத்து நேர்கோடு போடச் சொல்வது போலாகும்.

ஆகவே, வீடு வாங்க எண்ணுவோர் தரகரைக் காணும் முன் ஓர் இரவு குடும்பத்தோடு உட்காரட்டும். வருவாயையும், உள்ள கடன்களையும், தாய் தந்தையர்க்குச் செய்ய வேண்டியதையும், பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதையும் ஒளிவின்றி ஒரு தாளில் எழுதட்டும். வட்டி ஏறினால், வேலை போனால், ஒருவர் நோயுற்றால் என்ன செய்வது என்று ஒருவரை ஒருவர் கேட்கட்டும். அத்தனைக்கும் பிறகு எஞ்சும் தொகைக்கு எவ்வளவு வீடு கிடைக்குமோ அதுவே அவர்களுடைய வீடு. அது சிறிதாயிருக்கலாம், நகரத்திற்குச் சற்றுத் தொலைவில் இருக்கலாம், இன்னும் ஐந்தாண்டு வாடகைக்கு இருப்பதே தக்கது என்றுகூட அந்தத் தாள் சொல்லலாம். அதனைக் கேட்டு நடப்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. பிறர் வீட்டில் வாடகை கொடுத்து வாழ்பவன் கடமை தவறாதவன். தன் வீடு என்று பெயர் சொல்லிக்கொண்டு, தவணை நாள் வரும்போதெல்லாம் கதவைத் தட்டும் ஓசைக்கு நடுங்குபவனே வீடற்றவன்.